கொதிக்கும் என்றால் 'பாயில்ஸ்' எப்போது, 'வில் பாயில்' எப்போது?

'தண்ணீரை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் கொதிக்கும்' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நம் பிள்ளைகளில் பலர் 'இஃப் யூ ஹீட் வாட்டர் டு 100 டிகிரீஸ், இட் வில் பாயில்' என்று முடிக்கிறார்கள். அறிவியல் உண்மையாகச் சொல்வதற்கு 'இட் பாயில்ஸ்' என்பதே பொருத்தம். எப்போதும் உண்மையாக இருப்பதைச் சொல்லும் இந்த நிபந்தனை வாக்கியத்துக்கு ஸீரோ கண்டிஷனல் என்று பெயர். 'இஃப்' வரும் பகுதியிலும் சிம்பிள் பிரசென்ட் (சாதாரண நிகழ்காலம்), விளைவைச் சொல்லும் பகுதியிலும் சிம்பிள் பிரசென்ட். விதி இவ்வளவுதான். இதிலும் தடுமாறக் காரணம் நம் தமிழ்ப் பழக்கம்.

'கொதிக்கும்' என்ற வினைமுற்றுக்குத் தமிழில் இரண்டு வேலை. 'இன்னும் ஐந்து நிமிடத்தில் கொதிக்கும்' என்றால் எதிர்காலம். 'மலை நிற்கும், ஞாயிறு இயங்கும்' என்று தொல்காப்பிய உரையில் வருகிறதே, அது முக்காலத்துக்கும் பொதுவான இயற்கை. ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'வில் பாயில்', இரண்டாவதற்கு 'பாயில்ஸ்'. அதேபோல 'வந்தால்', 'குடித்தால்' என்பவற்றில் 'வந்தான்', 'குடித்தான்' என்பதன் சாயல் இருப்பதால், சிலர் 'இஃப் யூ ஹீட்டட்' என்று இறந்தகாலத்துக்குப் போய்விடுகிறார்கள். அப்படி எழுதினால் பொருளே மாறி, நடக்காத ஒன்றைக் கற்பனை செய்வதாகிவிடும்.

எழுதுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். '-ஆல்' இருக்கும் இடத்தில் 'போதெல்லாம்' போட்டுப் பாருங்கள். 'மழை பெய்தால் தெருவில் தண்ணீர் தேங்கும்' என்பதை 'மழை பெய்யும்போதெல்லாம் தேங்கும்' என்று சொல்லலாம். பொருள் கெடவில்லை, ஆகவே ஸீரோ கண்டிஷனல். 'நாளை மழை பெய்தால் நான் வரமாட்டேன்' என்பதில் 'போதெல்லாம்' ஒட்டாது. அது ஒருமுறை நடக்கப்போவது. அங்கேதான் விளைவுப் பகுதியில் 'வில்' வேண்டும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் செய்து பார்ப்போம்: 'நீல லிட்மஸ் தாளை அமிலத்தில் நனைத்தால் சிவப்பாக மாறும்.'

1. 'போதெல்லாம்' சோதனையில் தேறுகிறது.
2. வினைகளைப் பிரியுங்கள்: நனைப்பது 'டிப்', மாறுவது 'டர்ன்'.
3. நனைப்பது யார்? தமிழ் வாக்கியத்தில் எழுவாய் இல்லை, தேவையும் இல்லை. ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் 'இஃப் டிப்' என்று தொடங்கினால் வாக்கியம் நிற்காது. 'யூ' போடுங்கள், இங்கே அதற்கு 'யாராக இருந்தாலும்' என்று பொருள்.
4. மாறுவது தாள், அதாவது 'இட்'. ஒருமை என்பதால் வினையில் 'ஸ்' சேர்ந்து 'டர்ன்ஸ்'.

'இஃப் யூ டிப் ப்ளூ லிட்மஸ் பேப்பர் இன் ஆசிட், இட் டர்ன்ஸ் ரெட்.' மதிப்பெண் பெரும்பாலும் போவது மூன்றாவது, நான்காவது படிகளில்தான். எழுதி முடித்ததும் இரண்டு வினைகளின் கடைசி எழுத்தையும் விரல் வைத்துப் பாருங்கள்.

பேச்சில் வரும் பெரிய பிழை 'மீன்ஸ்'. 'மழை வந்ததுன்னா' என்பதை அப்படியே தூக்கி 'ரெயின் கம்ஸ் மீன்ஸ், வாட்டர் ஸ்டாக்னேட்ஸ்' என்கிறோம். 'என்றால்' இருக்கும் இடமெல்லாம் 'மீன்ஸ்' ஆகாது. 'இஃப் இட் ரெயின்ஸ், வாட்டர் ஸ்டாக்னேட்ஸ்' என்று சொல்லிப் பழகுங்கள்.

எதிர்மறைக்கு 'டோன்ட்', 'டஸ்ன்ட்' போதும்: 'இஃப் பிளான்ட்ஸ் டோன்ட் கெட் வாட்டர், தே டை.' 'அன்லெஸ்' போட்டால் கவனம். 'ஊற்றாவிட்டால்' என்பதில் எதிர்மறையைக் காட்டும் 'ஆ' அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 'அன்லெஸ் பிளான்ட்ஸ் டோன்ட் கெட் வாட்டர், தே டை' என்றால் தண்ணீர் கிடைத்தால் செடி செத்துவிடும் என்று தலைகீழாகிவிடும்.

தமிழில் நிபந்தனை பொதுவாக முன்னே வரும். ஆங்கிலத்தில் எது முன்னே வந்தாலும் சரி. 'இஃப்' முன்னே வந்தால் நடுவில் காற்புள்ளி உண்டு. 'பிளான்ட்ஸ் டை இஃப் தே டோன்ட் கெட் வாட்டர்' என்று பின்னே வந்தால் வேண்டாம்.

ஸீரோ கண்டிஷனலில் 'இஃப்' இருக்கும் இடத்தில் பெரும்பாலும் 'வென்' போடலாம். ஆனால் நடந்தே தீரும் என்பதற்கு 'வென்' மட்டும்தான்: 'வென் த சன் செட்ஸ், இட் கெட்ஸ் டார்க்.' சூரியன் மறைவதில் சந்தேகமில்லை, அதனால் 'இஃப்' பொருந்தாது.

விளைவுப் பகுதியில் 'வில்' கண்டதும் சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கையிலிருக்கும் ஐஸ் கட்டியைக் காட்டி 'இஃப் யூ ஹீட் திஸ் ஐஸ், இட் வில் மெல்ட்' என்றால் அது சரியான ஆங்கிலம். அந்தக் கட்டிக்கு நடக்கப்போவதைச் சொல்கிறது. இத்தகைய வாக்கியங்களில் 'இஃப் யூ வில் ஹீட்' என்று நிபந்தனைப் பகுதியில் வரும் 'வில்'லைத்தான் திருத்த வேண்டும்.

இலக்கணம் சரியாகி, சொன்ன செய்தி தவறாகவும் போகலாம். 100 டிகிரி கணக்கு கடல் மட்டத்துக்கு உரியது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே முதல் வாக்கியத்தை இப்படி எழுதுங்கள்: 'அட் சீ லெவல், இஃப் யூ ஹீட் வாட்டர் டு 100 டிகிரீஸ் செல்சியஸ், இட் பாயில்ஸ்.'