டேங்க் நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க: ஆர்டுயினோ வயரிங்கில் முதலில் இடறும் இடங்கள்

ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இழுத்ததும் ஆர்டுயினோ போர்டு (புரோகிராம் எழுதி இயக்கும் சின்னக் கணினி) ரீஸ்டார்ட் ஆகிறதா? புரோகிராமில் தேட வேண்டாம், சப்ளையைப் பாருங்கள். சதுர 9 வோல்ட் பேட்டரிதான் பெரும்பாலும் காரணம். ஆர்டுயினோ யூனோ மட்டுமே 50 மில்லிஆம்பியர் அளவில் குடிக்கும். நீல நிற 5 வோல்ட் ரிலேயின் காயில் (உள்ளிருக்கும் கம்பிச்சுருள்) இன்னொரு 70 கேட்கும். அந்தப் பேட்டரியின் உள்தடை அதிகம், லோடு ஏறியதும் வோல்டேஜ் சரிந்துவிடும். நல்ல 5 வோல்ட் 2 ஆம்பியர் போன் சார்ஜரை யூஎஸ்பி வழியாகக் கொடுத்து, ரிலே மாட்யூலின் பக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கபாசிட்டர் ஒன்றை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே போடுங்கள். கோடு போட்ட கால் கிரவுண்டுக்கு. மாற்றி வைத்தால் வெடிக்கலாம்.

ரிலே காயிலை மாட்யூல் இல்லாமல் நேரே போர்டின் பின்னில் (இணைப்பு முனையில்) மாட்டக்கூடாது. யூனோவின் ஒரு பின் 20 மில்லிஆம்பியருக்கு மேல் தருவது நல்லதல்ல. 40 என்பது தாண்டக்கூடாத எல்லை.

அம்பையிலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ பஸ் ஏறித் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வந்து சாமான் வாங்குகிறவர்கள் சின்னப் பாகங்களை இரட்டிப்பாக வாங்கிக்கொள்வது நல்லது; ஒரு ரெசிஸ்டருக்காக இன்னொரு நாள் வீணாகும். சென்சாருக்குத் தேவையானவை: 1 கிலோஓம் ரெசிஸ்டர் 3, 100 கிலோஓம் 2, 104 (அதாவது 0.1 மைக்ரோஃபாரட்) என்று அச்சிட்ட செராமிக் கபாசிட்டர் 2, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் 3, மாடியிலிருந்து கீழே வரை மூன்று கம்பி கேபிள்.

ஒரு போல்ட் டேங்க்கின் அடியில், ஒன்று மோட்டார் ஓடத் தொடங்க வேண்டிய மட்டத்தில், ஒன்று நிற்க வேண்டிய மட்டத்தில். அடி போல்ட்டை 1 கிலோஓம் வழியாக டிஜிட்டல் 8-க்குக் கொண்டுவாருங்கள். மற்ற இரண்டு வயரும் போர்டுக்கு வரும் இடத்தில், ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோஓமும் ஒரு 104-ம் போட்டு, அங்கிருந்து 1 கிலோஓம் வழியாக ஏ0, ஏ1 பின்களுக்குக் கொடுங்கள். அந்த 100 கிலோஓம் இல்லாவிட்டால், போல்ட் தண்ணீரில் படாதபோதும் அந்தரத்தில் தொங்கும் நீள வயர் ஏரியல் மாதிரி பக்கத்து மெயின் லைனின் இரைச்சலைப் பிடித்து, வாய்க்கு வந்த எண்ணைக் காட்டும்.

இனி தண்ணீர். அடி போல்ட்டிலிருந்து மற்ற இரண்டுக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஆற்றுத் தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் மின்சாரம் தயங்கித்தான் போகும். ராதாபுரம், திசையன்விளை பக்கம் உப்புப் போர் தண்ணீர் ஏறும் டேங்க் என்றால் தாராளமாகப் போகும். ஒரு வீட்டில் வேலை செய்த அதே சர்க்யூட் இன்னொரு வீட்டில் 'தண்ணீரே இல்லை' என்று சாதிப்பது இதனால்தான். ஆகவே டிஜிட்டலாக (உண்டு, இல்லை என்று மட்டும்) படிக்காமல் அனலாகாக (0 முதல் 1023 வரை எண்ணாக) படியுங்கள். போல்ட் காய்ந்திருக்கையில் ஓர் எண், உங்கள் தண்ணீரில் நனைந்திருக்கையில் ஓர் எண். இரண்டையும் குறித்துக்கொண்டு நடுவில் எல்லை வையுங்கள். 30-ம் 800-ம் வந்தால் 400 போதும்.

போல்ட்டுக்கு எந்நேரமும் 5 வோல்ட் கொடுத்து வைத்தால் மின்பகுப்பு நடந்து பிளஸ் பக்கம் அரித்துப்போகும். உப்புத் தண்ணீரில் இன்னும் வேகமாக. வெறும் செம்புக் கம்பியை விட்டால் பச்சை பூத்து அறுவதோடு, செம்பும் குடிக்கிற தண்ணீரில் கலக்கும். 10 விநாடிக்கு ஒருமுறை மட்டும் டிஜிட்டல் 8-ஐ 10 மில்லிவிநாடி ஹையாக்கி (5 வோல்ட்) படித்துவிட்டு லோ (0 வோல்ட்) ஆக்குங்கள். உடனே ஏ0, ஏ1 இரண்டையும் அவுட்புட்டாக்கி அதே 10 மில்லிவிநாடி ஹை கொடுத்து, மறுபடி இன்புட்டாக்கிவிடுங்கள். மின்சாரம் கண நேரம் மட்டும், அதுவும் இரு திசையிலும் மாறிப் போவதால் அரிப்பு வெகுவாகக் குறையும். தண்ணீர் விழும் குழாய்க்குத் தள்ளியே போல்ட்டைத் தொங்கவிட்டு, தொடர்ந்து மூன்று முறை ஒரே முடிவு வந்த பிறகே மோட்டாரைத் தொடச் சொல்லுங்கள்.

ரிலே மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி 1 ஹெச்பி மோட்டாரை நேரே மாட்டுகிறார்கள். அந்த 10 ஆம்பியர் ஹீட்டர் மாதிரி லோடுக்கான கணக்கு. மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும் கரண்ட்டைப்போல் பல மடங்கு இழுக்கும்; ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு போர்டு 'நிறுத்து' என்றாலும் மோட்டார் நிற்காது, டேங்க் வழிந்துகொண்டே இருக்கும். ரிலே ஒரு கான்டாக்டரின் (மோட்டார் லோடுக்கென்றே செய்த பெரிய ரிலே) 230 வோல்ட் காயிலை மட்டும் இயக்கட்டும்; மோட்டாரின் கரண்ட்டைக் கான்டாக்டர் தாங்கட்டும். கான்டாக்டர் விடும்போது போர்டு வேலை செய்யாமல் நின்றுவிட்டால், அதன் காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் (மெயின் லைனுக்கென்றே செய்த) கபாசிட்டரும் தொடராக வையுங்கள். இந்த 230 வோல்ட் வேலையை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகும் துளைப் பலகை) 230 வோல்ட் வரவே கூடாது.

கடையில் கிடைக்கும் ரிலே மாட்யூல்கள் பலவும் லோ கொடுத்தால் இழுப்பவை. பின்னை முதலில் அவுட்புட்டாக்கினால் அது லோவில் தொடங்கி, கரண்ட் வந்ததும் மோட்டார் ஒருமுறை உதறும். அதற்கு முன்பே ஹை எழுதிவிட்டு, பிறகு அவுட்புட்டாக்குங்கள். கரண்ட் போய்த் திரும்பியதும் தெருவிலுள்ள மோட்டார்களெல்லாம் ஒன்றாக எடுக்கும், வோல்டேஜ் தள்ளாடும். புரோகிராமின் செட்டப் பகுதியில் (போர்டு தொடங்கியதும் ஒருமுறை ஓடுவது) 60 விநாடி காத்திருப்பு வைத்தால் உங்கள் மோட்டார் அதில் சிக்காது.

யூனோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 போடுகிறீர்களென்றால் அது 3.3 வோல்ட் போர்டு. சப்ளைக்கான பின்னைத் தவிர இன்புட், அவுட்புட் பின் எதிலும் 5 வோல்ட் படக்கூடாது. வைஃபை ஓடும்போது அனலாகுக்கு 32, 33 பின்களை எடுங்கள். 34 முதல் 39 வரை இன்புட் மட்டும்தான். திசை மாற்றும் வேலை அங்கே நடக்காது.

போர் தண்ணீர் டேங்க்கில் போல்ட் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், நனைந்த எண் மெல்ல இறங்கிக்கொண்டே வரும். 800 என்றிருந்தது 500-க்கு வந்துவிட்டால் கழற்றி, எலுமிச்சைச் சாறில் ஊறவைத்துத் தேய்த்து மாட்டுங்கள்.