ஏர் ரைஃபிளில் பீப் சைட் மாட்டுவது எப்படி: உயரக் கணக்கில் தொடங்குங்கள்

பெங்களூரில் ஏர் ரைஃபிள் பழகத் தொடங்கும் நம்மவர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்கும் கேள்வி: "துப்பாக்கியோடு வந்த ஓபன் சைட்டைக் கழற்றிவிட்டு பீப் சைட் போடலாமா?" பீப் சைட் என்றால் சின்னத் துளை வழியாகப் பார்த்துக் குறிவைக்கும் பின்சைட். தாராளமாகப் போடலாம். 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவானாலும் சரி, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனானாலும் சரி, 10 மீட்டர் ரைஃபிளில் குறி பார்ப்பது அந்தச் சின்னத் துளை வழியாகத்தான். ஆனால் போட்டி ரைஃபிளில் முன்சைட்டும் பின்சைட்டும் ஜோடியாக வரும். நம் கையில் இருப்பது சாதாரண பிரேக் பேரல் ரைஃபிள், அதாவது பேரலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்து நிறுத்தும் வகை. அதற்குத் தனியாக ஒரு பீப் சைட் வாங்கி மாட்டினால், பெரும்பாலும் உயரம் ஒத்துவராது. அதனால்தான் காசு கொடுப்பதற்கு முன்பே அளவெடுக்கச் சொல்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் .177 காலிபர் (பேரல் துளையின் அளவு, அங்குலத்தில்), குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு. 2016 ஆயுத விதிகளின்படி இதற்கு லைசென்ஸ் தேவையில்லை. சைட்டை மட்டும் மாற்றுங்கள். வேகம் கூட்டுவதற்காக ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள்.

எதற்கு இந்தத் துளை

ஓபன் சைட்டில் பின் வெட்டு, முன் குச்சி, டார்கெட் என்று மூன்று தூரத்தில் கண் அலைய வேண்டும். பீப்பில் அந்த வேலை குறைகிறது. துளை வழியாகப் பார்க்கும்போது கண் தானாகவே வெளிச்சத்தின் நடுவைத் தேடிக்கொள்ளும். துளை சிறியதாக இருப்பதால் முன்சைட்டும் டார்கெட்டும் ஓரளவு ஒன்றாகவே தெளியும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது பெரிய வரம். இன்னொரு லாபமும் உண்டு: பீப், ரிசீவரின் (பேரலுக்குப் பின்னால் ஸ்பிரிங் இருக்கும் உடல்பகுதி) பின்கோடியில் உட்காருவதால் இரண்டு சைட்டுக்கும் இடைப்பட்ட தூரம் கூடும். அந்தத் தூரம் கூடக்கூட, குறியில் வரும் சின்னப் பிசகு டார்கெட்டில் பெரிதாகத் தெரியாது.

அளவு

எஸ்.பி. ரோட்டில் ஒரு வெர்னியர் காலிப்பரும், தரமான அலென் கீ செட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ரைஃபிளில் பெல்லட் (குண்டு) இல்லை, காக் ஆகவில்லை (ஸ்பிரிங் இழுபட்டு நிற்கவில்லை) என்று பேரலை லேசாக மடக்கிப் பார்த்து உறுதிசெய்த பிறகே எந்த வேலையும்.

முதலில் ரிசீவர் மேலுள்ள பள்ளத்தின் அகலம். 11 மில்லிமீட்டர் என்று சொல்லித்தான் விற்பார்கள், அளந்து பார்த்தால் கூடக்குறைய இருக்கும். சைட்டின் தாடை அதைக் கவ்வுமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது உயரம். பேரல் துளையின் நடுவிலிருந்து முன்சைட் நுனி வரை எவ்வளவு என்று பாருங்கள். உதாரணத்துக்கு 20 மி.மீ. அதே நடுவிலிருந்து ரிசீவர் மேல்பரப்பு 15 மி.மீ. வாங்கப்போகும் பீப்பை எவ்வளவு கீழே இறக்கினாலும் அதன் துளை பரப்பிலிருந்து 10 மி.மீ. மேலே நிற்கிறது என்றால், பின்பக்கம் மொத்தம் 25. பத்து மீட்டருக்கு, பின்துளை முன்நுனியைவிட சுமார் 2 முதல் 3 மி.மீ. உயரமாக இருந்தால் போதும். இங்கே 5 மி.மீ. உயரமாகிவிட்டது, அதாவது கிட்டத்தட்ட இரண்டரை மி.மீ. அதிகம். சைட்டுகளுக்கு இடையே 700 மி.மீ. என்றால், 10,000-ஐ 700-ஆல் வகுத்து இரண்டரையால் பெருக்குங்கள்: குண்டு சுமார் 36 மி.மீ. மேலே போகும். போட்டி டார்கெட்டின் கறுப்பு வட்டமே 30.5 மி.மீ.தான்! பின்சைட்டில் திருகு முழுவதும் இறங்கிவிட்டதே என்று அதன்மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. முன்சைட்டை அதே இரண்டரை மி.மீ. உயர்த்தினால் கணக்கு சரியாகிவிடும்.

முன்சைட்டில் வளையம் போடும் வசதி இருந்தால் அதையே போடுங்கள். கண்ணிலிருந்து முன்சைட் 75 செ.மீ. தள்ளி இருந்தால், அந்தக் கறுப்பு வட்டம் அங்கே 2.3 மி.மீ. அளவில் தெரியும். வளையத்தின் உள்விட்டம் அதைப்போல ஒன்றரை மடங்கு, ஏறக்குறைய 3.5 மி.மீ. இருக்கட்டும். கறுப்பைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிய வேண்டும். ரொம்ப இறுக்கமான வளையம் கண்ணைக் குழப்பும்.

மாட்டுவது

பேரல் மேலுள்ள பழைய பின்சைட்டைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பார்வையை மறைக்கும். பள்ளத்தில் உள்ள எண்ணெயை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு பீப்பை உட்காரவைத்து, ரைஃபிளை வழக்கம்போலத் தோளில் வையுங்கள். கண்ணுக்கும் துளைக்கும் நடுவே ஐந்தாறு செ.மீ. இருக்கட்டும். ஸ்பிரிங் ரைஃபிள் உதறும் என்பதால் அதற்கும் கிட்டே வேண்டாம். இரண்டு திருகையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு போதும்.

ஸ்பிரிங் உதறலில் சைட் மெல்ல மெல்லப் பின்னால் நகரும். ரிசீவரில் ஸ்டாப் பின் (சைட் நகராமல் தடுக்கும் சிறு ஊசி) உட்காரும் குழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சைட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு ஸ்டாப் கிளாம்ப் மாட்டுங்கள். ரிசீவர் டியூபில் டிரில் போடவே போடாதீர்கள். உள்ளே விழும் இரும்புத்தூள் சிலிண்டரைக் கீறிவிடும். சைட்டின் ஓரமும் ரிசீவரும் சேரும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு போட்டு வையுங்கள். கோடு உடைந்திருந்தால் சைட் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

துளையைத் திருத்துவது

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. விலை குறைந்த பீப்களில் துளை 2 மி.மீ.க்கு மேல் இருக்கும், பளபளப்பாகவும் இருக்கும். டார்கெட் பழக 1.1 முதல் 1.4 மி.மீ. வரைதான் சரியான அளவு. ரொம்பச் சிறிதாக்கினாலும் இருட்டிவிடும். மழைக்காலத்தில் பெங்களூர் மேகமூட்டத்தில் 1.4-ம் தேவைப்படும்.

பித்தளையில் கழற்றி மாட்டும் தகடு ஒன்றைக் கடைந்து வாங்குங்கள். பீன்யா பக்கம் லேத் பட்டறைகளில் தமிழ் பேசும் ஆட்கள் இருப்பார்கள். "அண்ணா, நடுவுல ஒண்ணு புள்ளி ரெண்டு துளை. டார்கெட் பக்கம் கவுண்டர்சிங்க் போட்டு, கண் பக்கம் விளிம்பு பிளேடு மாதிரி மெல்லிசா நிக்கணும்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். கவுண்டர்சிங்க் என்றால் துளையின் வாயைக் கூம்புபோல அகலமாக்குவது. விளிம்பு தடிமனாக இருந்தால் அதன் உள்சுவரில் வெளிச்சம் பட்டு கண்ணுக்குக் கூசும். பிசிறு இருந்தால் பல்குத்தும் குச்சியைத் துளையில் மெதுவாகச் சுழற்றி எடுத்துவிடலாம்.

கறுப்பாக்குவதற்குப் பெயிண்டைவிட நல்லது பூஜை அறையிலேயே இருக்கிறது. தகட்டைத் தனியே கழற்றி, இடுக்கியால் பிடித்து, எரியும் கற்பூரத்தின் புகையில் காட்டுங்கள். மினுக்கமே இல்லாத வெல்வெட் கறுப்பு படியும். விரல் பட்டால் போய்விடும், மறுபடி காட்டிக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

திருகைத் திருப்பும்போது சைட் லொடலொடவென்று ஆடினால், நகரும் பாகத்துக்கு அடியில் குளிர்பான கேனில் வெட்டிய தகட்டுத் துண்டு ஒன்றை வையுங்கள். அதன் தடிமன் சுமார் 0.1 மி.மீ.தான், நன்றாக இறுகும்.

ஜீரோ செய்வது (குறி பார்த்த இடத்திலேயே குண்டு விழவைப்பது)

டார்கெட்டுக்குப் பின்னால் கெட்டியான பெல்லட் டிராப் (குண்டைத் தடுத்துப் பிடிக்கும் பெட்டி) வைத்து 5 மீட்டரில் தொடங்கி, பிறகு 10 மீட்டருக்குப் போங்கள். ஒரு குண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்; ஐந்து சுட்டு, கூட்டத்தின் நடுவைப் பாருங்கள். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் பின்சைட்டை நகர்த்துங்கள். சில ஜெர்மன் சைட்டுகளின் குமிழியில் உள்ள எழுத்து குண்டு விழுந்த பக்கத்தைக் குறிக்கும். அதனால் எழுத்தை நம்பாமல் பத்து கிளிக் திருப்பிச் சுட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியே வலது பத்து, மேலே பத்து, இடது பத்து, கீழே பத்து என்று ஒரு சதுரம் சுடுங்கள். கடைசிக் கூட்டம் முதல் கூட்டத்தின் மேலேயே விழுந்தால் சைட் நம்பகமானது. விழாவிட்டால் ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரே திசையில் வந்து முடியுங்கள்: கீழே இறக்க வேண்டுமென்றால் தேவைக்கு மேல் இறக்கிவிட்டு மேல்நோக்கித் திருப்பி நிறுத்துங்கள். ஒரு டப்பா பெல்லட் தீர்ந்ததும் திருகுகளையும் நெயில் பாலிஷ் கோட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.