மலையூரில் பூயர் தேநீர் வடிக்கும் முறை

சீனாவில் விளையும் பூயர் தேநீரைப் பற்றிய வழிகாட்டிக் குறிப்புகள் பெரும்பாலும் நூறு டிகிரியில் கொதிக்கும் நீரை ஊற்றச் சொல்லித் தொடங்குகின்றன. ஊட்டியில் இருப்பவருக்கு அந்த நூறு டிகிரி கிடைக்காது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் நீரின் கொதிநிலையும் இறங்குகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 92 அல்லது 93 டிகிரியிலேயே நீர் தளதளவென்று கொதிக்கிறது. கொடைக்கானலிலும் ஏறக்குறைய அதே நிலைதான். 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் 94 டிகிரி. கூடலூருக்கு இறங்கினால் 96ஐத் தாண்டும். அடுப்பை எவ்வளவு கூட்டி வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. ஆகவே மலையில் சீனத் தேநீர் வடிப்பவர் முதலில் கற்க வேண்டியது, கிடைக்கிற சூட்டை வீணாக்காமல் இலையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத்தான்.

இதற்காக மனம் தளர வேண்டியதில்லை. பூயர் விளைகிற யுன்னான் மாகாணத்தின் தலைநகரான குன்மிங்கே கிட்டத்தட்ட 1,890 மீட்டர் உயரத்தில், குன்னூருக்கு இணையான மட்டத்தில் இருக்கிறது. பூயர் ஆலைகளுக்குப் பேர்போன மெங்ஹாய் ஏறத்தாழ 1,200 மீட்டரில் உள்ளது. அங்கெல்லாம் நூறு டிகிரி இல்லாமலேதான் நல்ல தேநீர் வடிக்கிறார்கள், நாமும் வடிக்கலாம்.

பூயரில் இரண்டு இனங்கள் உண்டு. இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: யுன்னானில் வளரும் பெரிய இலைத் தேயிலையைப் பறித்து, சட்டியில் வாட்டி, உருட்டி, வெயிலில் காயவைத்த இலை. அதை அப்படியே ஆவியில் இளக்கி வட்டத்தட்டாக அழுத்திவிட்டால் அது ஷெங் எனப்படும் பச்சைப் பூயர். ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வைத்திருக்க மெல்ல மாறிக்கொண்டே வரும். அதே இலையைக் குவியலாகக் கொட்டி, நீர் தெளித்து, மூடி, வாரக்கணக்கில் புளிக்கவைத்தால் ஷோ எனப்படும் பதப்படுத்திய பூயர் கிடைக்கும். இந்தக் குவியல் முறை 1973இல் குன்மிங் தேயிலை ஆலையில் உருப்பெற்றது. பால் சேர்த்த டீக்கே பழகிய நாக்குக்கு ஷோவிலிருந்து தொடங்குவது எளிது. அதில் துவர்ப்பு குறைவு, சாயம் கறுப்பு, குடிக்கக் கனமாகவும் மிருதுவாகவும் இருக்கும். ஆனால் பூயரின் ஆழத்தை அறிய விரும்புகிறவர் ஷெங்குக்கு வந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான வட்டத்தட்டின் எடை 357 கிராம். ஏழு தட்டுகளைச் சேர்த்து மூங்கில் பாளையில் கட்டுவது மரபு. காகித உறையில் 7542 போன்ற நான்கு இலக்க எண் இருந்தால், அதைத் தயாரித்த ஆண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் இரண்டு இலக்கங்கள் அந்தக் கலவை வகுக்கப்பட்ட ஆண்டைக் குறிக்கின்றன, அதாவது 1975; மூன்றாவது இலக்கம் இலையின் தரநிலை; நான்காவது இலக்கம் ஆலையின் எண், 2 என்றால் மெங்ஹாய். போன ஆண்டு அழுத்திய தட்டிலும் 7542 என்றே இருக்கும். தயாரித்த தேதி தனியாக அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். நூற்றாண்டு கண்ட மரத்தின் இலை என்று சொல்லிக் குறைந்த விலைக்குத் தருவதை நம்ப வேண்டாம். முழுத் தட்டு வாங்குவதற்கு முன் 25 கிராம் மாதிரி கேட்டு வாங்கிக் குடித்துப் பார்ப்பதே முறை.

கருவிகள் அதிகம் தேவையில்லை. 100 முதல் 120 மில்லி கொள்ளும் மூடியிட்ட பீங்கான் கிண்ணம் ஒன்று வேண்டும். இதைச் சீனர்கள் கைவான் என்பார்கள். வடித்த தேநீரைச் சேர்க்க ஒரு சிறு கண்ணாடி ஜக், குடிக்கச் சிறு கிண்ணங்கள், 0.1 கிராம் வரை காட்டும் தராசு ஆகியவை போதும். கைவானின் கொள்ளளவைக் கடைக்காரர் சொன்னபடி நம்பாமல், மூடி உட்காரும் மட்டம் வரை நீர் ஊற்றித் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் நீர் ஒரு மில்லி. விரல் சுடுகிறது என்று பலர் கைவானைக் கைவிடுகிறார்கள். விளிம்பு வரை நீரை நிரப்புவதுதான் அதற்குக் காரணம். வெளிப்புறம் விரிந்திருக்கும் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நீரை நிறுத்தி, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் விளிம்பின் நுனியைப் பிடித்து, ஆள்காட்டி விரலை மூடிக் குமிழின்மேல் வைத்து, மூடியைச் சற்றே சரித்துச் சிறு இடைவெளி விட்டு வடித்தால் சுடாது. விலை கொடுத்து வாங்கிய தட்டை உடைப்பதற்கு முன், குன்னூரிலோ கோத்தகிரியிலோ கிடைக்கும் முழு இலை ஆர்த்தடாக்ஸ் தேயிலையை வைத்துக் கையைப் பழக்கிக்கொள்வது நல்லது. சி.டி.சி. தூள் இதற்கு ஒத்துவராது. மணிமணியாக நசுக்கப்பட்ட அந்த இலை முதல் வடிப்பிலேயே முழுச் சாரத்தையும் இறக்கிவிடும்.

தட்டை உடைக்கக் கோணி ஊசி போன்ற கெட்டியான ஊசி பொருத்தமானது. தட்டின் பக்கவாட்டில் ஊசியைச் செருகி, அடுக்கு அடுக்காக நெம்பிப் பெயர்க்க வேண்டும். ஊசி முனை எப்போதும் மறு கையை விட்டு விலகியே இருக்கட்டும். மேலிருந்து குத்தினால் இலை நொறுங்கித் தூளாகும்; தூள் கசக்கும்.

இனி வடிப்புக்கு வருவோம். 100 மில்லி நீருக்கு 6 கிராம் இலை என்பது என் அளவு. ஷோவுக்கு 7 வரை போகலாம். கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்காமல் கொதிநிலையிலேயே வைத்திருங்கள், ஏனெனில் மார்கழிக் குளிரில் ஊட்டி வீடுகளின் சமையலறையில் கெட்டிலை ஐந்து நிமிடம் கீழே வைத்தாலே, ஏற்கெனவே குறைவாக இருக்கும் சூட்டில் இன்னும் பல டிகிரிகளை இழந்துவிடுவோம். வெப்பநிலையைத் தேர்ந்தெடுக்கும் மின்கெட்டில் வைத்திருப்பவர்கள் 100 என்று அமைத்தால், அந்த அளவை எட்ட முடியாமல் சில கெட்டில்கள் அணையாமல் கொதித்துக்கொண்டே இருக்கும். உங்கள் ஊரின் கொதிநிலைக்கு ஒரு டிகிரி குறைவாக அமைத்துவிடுங்கள். கைவான், மூடி, ஜக் மூன்றையும் கொதிநீரால் நிரப்பி, அரை நிமிடம் விட்டுக் கொட்டுங்கள். சூடேறிய கைவானில் இலையைப் போட்டு, மூடி, ஒரு நிமிடம் கழித்துத் திறந்து முகர்ந்தால் காய்ந்த இலையின் மணம் தெளிவாக எழும். பிறகு நீரை உயரத்திலிருந்து ஊற்றாமல், கெட்டிலின் மூக்கை இலைக்கு அருகில் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். உயரத்திலிருந்து விழும் மெல்லிய தாரை வழியிலேயே ஆறிவிடும்.

முதல் நீர் இலையை அலசுவதற்கு மட்டுமே. ஐந்து நொடியில் அதை வடித்துக் கொட்டிவிட்டு, மூடியைப் போட்டு ஒரு நிமிடம் விட்டால், அழுத்தப்பட்ட துண்டு ஆவியில் இளகத் தொடங்கும். ஷோவுக்கு இரண்டு முறை அலசலாம். அதன்பின் முதல் வடிப்புக்கு 15 நொடி, இரண்டாவதுக்கு 10, மூன்றாவதுக்கு மீண்டும் 15 நொடி விடுங்கள். இரண்டாவதில் நேரம் குறைவதற்குக் காரணம், துண்டு பிரிந்து இலைகள் அனைத்தும் ஒரே சமயத்தில் நீரைச் சந்திப்பதுதான். கைவானுக்குள் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: அலசியபோது கல்போலக் கிடந்த துண்டின் ஓரங்கள் முதல் வடிப்பில் உதிரும், மூன்றாவதில் காம்போடு கூடிய முழு இலைகள் விரிந்து மூடியை முட்டிக்கொண்டு நிற்கும். நான்காவதிலிருந்து ஒவ்வொரு முறையும் 10 நொடி கூட்டுங்கள். ஏழாவதுக்குப் பிறகு அரை நிமிடம் கூட்டுங்கள். நல்ல இலை பத்து வடிப்புகளைத் தாங்கும்.

சமவெளிக்கு எழுதிய நேரங்களை எல்லாத் தேநீருக்கும் ஒரே மாதிரி நீட்டுவதை நான் ஏற்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டு வயதுள்ள இளம் ஷெங் கடுங்கசப்பானது. 93 டிகிரி அதற்கு நன்மையே செய்கிறது, ஆகவே நேரத்தைக் கூட்ட வேண்டியதில்லை. பத்து, பதினைந்து ஆண்டு கடந்த ஷெங்கும் ஷோவும்தான் சூட்டுக்கு ஏங்குகிறவை. அவற்றுக்கு ஐந்து முதல் பத்து நொடி கூடுதலாகக் கொடுங்கள்; கைவானுக்குப் பதில் தடித்த சுவருள்ள சிறு மண் கெட்டிலைப் பயன்படுத்தி, மூடியபின் அதன்மேலேயே கொதிநீரை ஊற்றினால் உள்ளிருக்கும் சூடு வெளியேறாது. வடித்து ஓய்ந்த ஷோ இலையை வீசிவிடாதீர்கள். ஒரு பாத்திரத்தில் போட்டு, 300 மில்லி நீர் விட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் இன்னொரு முறை இனிப்பான சாயம் இறங்கும். தோட்டத்துக்கோ அலுவலகத்துக்கோ போகிறவர்கள், கொதிநீரால் சூடேற்றிய அரை லிட்டர் பிளாஸ்கில் அலசிய ஷோ 3 கிராம் போட்டு, கொதிநீர் ஊற்றி மூடிக்கொண்டு போகலாம். இரண்டு மணி நேரத்தில் குடிக்கும் பதத்துக்கு வந்திருக்கும்.

சுவைப்பதற்கு அவசரம் ஆகாது. முதலில் மூடியின் உட்புறத்தை முகர வேண்டும். மணம் தங்குமிடம் அதுதான். ஷோவில் ஈரமண், பழைய மரம், சில நேரம் பேரீச்சை மணம் வரும். மீன் கவிச்சி அடித்தால் அது குவியலில் இருந்து வந்து அதிக நாள் ஆகாத இலை, சில மாதம் காற்றாட விட்டால் அடங்கும். பூஞ்சை வாடையோ புளித்த வாடையோ வந்தால் குடிக்க வேண்டாம். அடுத்து ஒரு வாயை ஓசைபட உறிஞ்சி, நாக்கு முழுதும் பரவவிட்டு, மெல்ல விழுங்குங்கள். கசப்பையும் துவர்ப்பையும் பிரித்தறிவதே இங்குள்ள பயிற்சி. கசப்பு நாக்கில் உணரப்படும் சுவை. துவர்ப்பு ஈறுகளையும் கன்னத்தின் உட்புறத்தையும் இறுக்கி உலர்த்தும். நல்ல ஷெங்கில் இரண்டும் இருக்கும், ஆனால் தங்காது. நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்ததும் வாயில் ஊறுகிற இனிப்பைப் போல, கசப்பு விலகிய இடத்தில் தொண்டையடியிலிருந்து ஓர் இனிப்பு மேலெழும்பும். அது எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதை வைத்தே நான் ஒரு ஷெங்கை மதிப்பிடுகிறேன். கசப்பு மட்டும் நின்று இனிப்பு வராவிட்டால், அந்தத் தட்டின் உறையில் எந்தப் பெயர் இருந்தாலும் வாங்க வேண்டாம். இளம் ஷெங்கை வெறும் வயிற்றில் குடித்தால் வயிற்றைப் புரட்டும். வர்க்கியோ வேறு பலகாரமோ முன்னதாகச் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்த பின் உட்காருங்கள்.

இரண்டு தட்டுகளில் எதை வாங்குவது என்று முடிவு செய்ய வேறொரு முறை உண்டு. தேயிலையைச் சோதிப்பதற்கான பன்னாட்டுத் தரமுறை, ஐ.எஸ்.ஓ. 3103, 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம் என்று வகுக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு கிண்ணங்களில் இப்படி ஊறவைத்து அருகருகே வைத்துக் குடித்தால், சுருக்கமான வடிப்பில் மறைந்திருந்த குறைகள் அத்தனையும் வெளியே வந்துவிடும். குடித்து மகிழ்வதற்கு இந்த முறை உதவாது. தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட நேர்மையான வழி இல்லை.

மற்றச் சீனத் தேநீர்களில் ஹாங்சோவின் லோங்ஜிங் போன்ற பச்சைத் தேயிலைகளுக்கு 75 முதல் 80 டிகிரி போதும் என்பதால், மலைவாசிகளுக்கு அங்கே எந்தத் தடையும் இல்லை. ஃபூஜியான் மாகாணத்தின் ஊலாங்குகளில் (பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட வகை), பச்சைவாக்கில் இருக்கும் தியெகுவான்யின் நம் ஊர்ச் சூட்டிலேயே நன்றாக மலரும். நெருப்பில் வாட்டிய வூயி பாறைத் தேநீருக்கோ, பழைய பூயருக்குச் சொன்ன அத்தனை கவனமும் வேண்டும்.

இறுதியாகச் சேமிப்பு. இங்கேதான் நம் மலைகளின் இயல்பு குன்மிங்கிலிருந்து மாறுபடுகிறது. குன்மிங்கின் காற்று வறண்டது, ஆகவே அங்கு பூயர் மெல்ல முதிரும். ஹாங்காங், குவாங்டாங் பக்கத்து வெப்பமும் ஈரமும் அதை விரைவாக முதிரச் செய்யும். நமக்கோ குளிரும் ஈரமும் சேர்ந்து வருகின்றன. தென்மேற்குப் பருவமழையில் ஊட்டியிலும், ஐப்பசி கார்த்திகை மழையில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்திலும் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். சிறிய ஈரப்பதமானி ஒன்றைத் தேயிலைப் பெட்டிக்குள் வையுங்கள்; 60 முதல் 70 விழுக்காடு வரை நல்லது, 75ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. மழை மாதங்களில் தட்டுகளைக் காற்றுப் புகாத உறையில் மூடி, வெளிச்சுவரை ஒட்டாத மேல்தட்டில் வைத்து, மாசி பங்குனியில் வெயில் வந்தபின் உறையைத் திறந்து, அட்டைப்பெட்டியிலோ மெருகிடாத மண்சாடியிலோ மூச்சுவிட வைக்கலாம். பூயர் சுற்றிலும் உள்ள மணத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். யூகலிப்டஸ் தைலப் புட்டி, பாச்சை உருண்டை போட்ட அலமாரி, மசாலா டப்பா, ஊதுவத்தி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. குளிர்பதனப் பெட்டியும் வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை உறையைப் பிரித்து, தட்டின் நடுக்குழியையும் ஓரங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். பஞ்சுபோலப் பச்சையாகவோ கறுப்பாகவோ மஞ்சளாகவோ ஏதேனும் படர்ந்திருந்தால், அந்தப் பகுதியை மட்டும் சுரண்டிவிட்டுக் குடிக்காமல் முழுத் தட்டையும் அப்புறப்படுத்தி, அதனுடன் இருந்தவற்றை வேறு பெட்டிக்கு மாற்றி, ஈரம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.