போர்டிகோ சுவருக்கு நீங்களே கல் ஒட்டலாம்

பெயிண்ட் மேலேயே கல் ஒட்டாதீங்க. பெயிண்ட் உரியும்போது கல்லும் சேர்ந்து வந்துடும். சுவரை நெருக்கமாகக் கொத்தி, தூசி போகக் கழுவணும். நம்ம மதுரை வெயிலில் சூடேறின சுவர் பசையில இருக்கிற ஈரத்தைச் சட்டுனு உறிஞ்சிடும். வில்லாபுரம் வீட்டில் நான் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் சுவரை லேசாக நனைச்சுத் தொடங்குவேன்.

கல்லின் முதுகுதான் முக்கியம். அறுத்த மாவு அதில் வெள்ளையாகப் படிஞ்சிருக்கும், விரலால தேய்ச்சாலே தெரியும். தேங்காய் நாரால் தேய்ச்சுக் கழுவி, டைல் பசையைச் சுவரிலும் கல்லிலும் முழுக்கத் தடவுங்க. நாலு மூலையில் பொட்டு வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், உள்ளே பொள்ளலாயிடும்.

மூலைக் கல்லில் ஆரம்பிச்சு, ரசமட்டம் பார்த்து அடிவரியை வையுங்க. மேலூர்ப் பக்கத்து கிரானைட் நல்ல கனம். ஆளுயரத்துக்கு மேலே போறதுன்னா கம்பி கட்டிப் பிடிக்கணும், அதுக்குக் கொத்தனாரைக் கூப்பிடுங்க.