ஃபிரிட்ஜில் உறங்கிய கிழங்கு

கும்பகோணம் பக்கம் குளிர் என்றால் மார்கழி விடியலில் ஒரு போர்வை, அவ்வளவுதான். இங்கே ஹயாசிந்த் என்ற வாசனைப் பூச்செடியின் கிழங்கை நட்ட முதல் வருடம் வெறும் இலைதான் வந்தது. அது குளிர்நாட்டுச் செடி. 10 டிகிரிக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு வாரம் கிடந்தால்தான் பூந்தண்டு ஒழுங்காக நீளும்.

சரி, ஃபிரிட்ஜ் இருக்கிறதே என்று அடுத்த வருடம் காய்கறி டிரேயில் வைத்தேன். பக்கத்திலேயே ஆப்பிள். பழுக்கும் பழம் விடுகிற எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும் என்று அப்போது தெரியாது. பூ போச்சு.

மூன்றாம் முறை, ஐப்பசி பிறந்ததும் காகிதப் பையில் போட்டு, பழம் வைக்காத தட்டில் வைத்தேன். பையில் பெயர் எழுதவில்லை. அத்தை வெங்காயம் என்று நினைத்து ஒன்றை உரிக்கப் போய், கை அரிப்பெடுத்து, "என்னடா வெங்காயம் இது?" என்றார். நல்லவேளை, சாம்பாரில் விழவில்லை. அது விஷக் கிழங்கு.

தை பிறந்ததும் மீதி ஐந்தையும் தொட்டியில் நட்டேன். நம் களிமண்ணில் தண்ணீர் தேங்கி அழுகும் என்பதால் பாதிக்குப் பாதி ஆற்று மணல், கொஞ்சம் மக்கிய இலை. கிழங்கின் நுனி மண்ணுக்கு வெளியே. வெயில் படாத கிணற்றடி.

ஒன்று அழுகியது, ஒன்று முரண்டு பிடித்தது. மூன்று மட்டும் மாசிக்கு முன்பே நீலமாகப் பூத்தன. தண்டு குட்டைதான், நாலு நாள்தான் நின்றது. ஆனால் கொல்லை முழுக்க வாசம்.