புளி போட்டுத் தேய்க்காதீர்கள்: பழைய நாணயங்களை மதிப்பிடுவதில் நேரும் தவறுகள்

தீபாவளிக்கு விளக்குத் துலக்கும்போது, டப்பாவில் கிடக்கும் பாட்டி காலத்து வெள்ளிக் காசுகளையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிடுவது தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் நடக்கக்கூடியதுதான். பளபளப்பு வந்ததும் விலை கூடிவிட்டது என்று நினைக்கிறோம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 1890களில் போயர் குடியரசின் அதிபர் குரூகர் முகத்தோடு வந்த வெள்ளி ஷில்லிங் ஒன்றைக் கெடுக்க ஐந்து நிமிடம் போதும்.

காரணம் இதுதான். அச்சு அழுத்தும்போது உலோகம் விரிந்து, மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வரிகள் உண்டாகின்றன. நாணயத்தை விளக்கடியில் சாய்த்தால் வண்டிச் சக்கரம்போலச் சுழலும் மினுமினுப்பு அவற்றால்தான் வருகிறது. புளியும் சாம்பலும் அந்தத் தோலையே உரித்துவிடும், பிறகு திரும்பாது. என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரச் சான்று நிறுவனங்கள் 1 முதல் 70 வரை எண் கொடுப்பவை; தேய்த்துத் துலக்கிய காசுக்கு அந்த எண்ணே கிடைக்காது. வாங்கும்போதும் இதைப் பாருங்கள்: ஒரே திசையில் மெல்லிய கீறல்கள், எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கருமை என்றால் யாரோ துடைத்திருக்கிறார்கள். மண் ஒட்டியிருந்தால் வாலைவடிநீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுங்கள், அவ்வளவுதான். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையில் வருடக்கணக்காக வைப்பதும் வேண்டாம், பச்சையாகப் பிசுபிசுத்து அரித்துவிடும்.

அடுத்தது நம் வீடுகளில் அதிகம் வரும் சங்கதி: பவுன் காசுக்கு வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்வது. வளையத்தைக் கழற்றி விளிம்பை ராவினாலும் தடம் போகாது, சேகரிப்பவர் தங்கத்தின் விலைக்கு மேல் தர யோசிப்பார். பிரிட்டோரியாவில் 1923 முதல் 1932 வரை அடித்த சவரன்களில், ஆண்டு எண்ணுக்கு மேலே சிறிதாக எஸ்ஏ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவற்றில் 1923, 1924 அரிதானவை. ஆசாரியிடம் போகுமுன் ஆண்டைப் பார்த்துவிடுங்கள்.

பழையது என்றாலே அரிது என்பதும் தவறு, எல்லாம் ஒன்று என்பதும் தவறு. 1892ல் குரூகர் காசுகளுக்குப் பெர்லினில் அச்சு செய்தவர்கள், காசில் வரும் போயர் வண்டியின் படத்துக்கு ஏர்க்கால் ஒன்றுக்குப் பதில் இரண்டு போட்டுவிட்டார்கள், பிறகு திருத்தினார்கள். அந்த ஆண்டின் 5 ஷில்லிங்கில் இரட்டை ஏர்க்கால்தான் குறைவாகக் கிடைப்பது. லென்ஸ் வைத்துப் பாருங்கள். அதேபோல் 1950 வரையிலான தென்னாப்பிரிக்க யூனியன் வெள்ளிக் காசில் 80 சதவீதம் வெள்ளி, 1951 முதல் பாதிதான். தேய்ந்த காசுக்கு இந்தக் கணக்கே விலை.

போலிகளைக் கண்டுபிடிக்கத் தராசும், தடிமன் அளக்கும் காலிப்பரும் வேண்டும். ஒரு அவுன்ஸ் தங்கம் உள்ள குரூகர்ராண்ட் என்ற தென்னாப்பிரிக்கக் காசின் மொத்த எடை 33.93 கிராம். எடை சரியாக இருந்து தடிமன் கூடுதலாக இருந்தால், உள்ளே வேறு லேசான உலோகம் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் மண்டேலா 5 ராண்ட் காசு. அவர் முகத்தின் மேல் நமக்குள்ள பாசத்தை வைத்து ஆயிரக்கணக்கில் விலை சொல்வார்கள். 2000, 2008 காசுகள் புழக்கத்துக்காகவே ஏராளமாக அடித்தவை. கைமாறித் தேய்ந்த காசுக்குக் கடையில் 5 ராண்ட்தான். விளம்பரத்தில் கேட்கும் விலையை விட்டுவிடுங்கள். முடிந்த ஏலங்களில் அதே ஆண்டு, அதே தரக் காசு என்ன விலைக்குப் போனது என்று தேடிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.