ரா படம் சரியாகத் திறக்கவில்லையா? பிளக்-இன் மோதலைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

கேமராவிலிருந்து ரா கோப்புகளை (சென்சார் பதிவுசெய்த தரவைப் பெரிதாக மாற்றாமல் வைத்திருக்கும் படக் கோப்புகளை) இறக்கி, ஃபோட்டோஷாப்பில் ஒன்றைத் திறக்கிறீர்கள். வழக்கமான கேமரா ரா சாளரம் வரவில்லை. 160 × 120 பிக்சலில் ஒரு குட்டிப் படம் வந்து நிற்கிறது. அல்லது இதுவரை பார்த்திராத வேறொரு சாளரம், நாலைந்து ஸ்லைடர்களோடு திறக்கிறது. சில சமயம் மென்பொருளே மூடிக்கொள்கிறது. உடனே, படம் கெட்டுவிட்டது, மெமரி கார்டு போய்விட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் படம் பத்திரமாகத்தான் இருக்கும். அதைத் திறக்கிற பிளக்-இன்தான் (மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் துணை நிரல்தான்) மாறியிருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? ஃபோட்டோஷாப் ரா கோப்பைத் தானாகப் படிப்பதில்லை. 'கேமரா ரா' என்ற பிளக்-இன்தான் அந்த வேலையைச் செய்கிறது. கேமரா நிறுவனங்கள் தரும் மென்பொருள்களில் சில, நிறுவும்போதே தங்கள் ரா பிளக்-இன் ஒன்றையும் ஃபோட்டோஷாப் ஃபோல்டருக்குள் போட்டுவிடும். இப்போது ஒரே வகைக் கோப்புக்கு இரண்டு பிளக்-இன்கள் உரிமை கொண்டாடுகின்றன. கோப்பு எதன் கைக்குப் போகிறதோ, அதன் சாளரம்தான் உங்களுக்கு வரும். குட்டிப் படம் வருவதற்கும் காரணம் உண்டு. பல ரா வகைகள் டிஃப் என்ற படக் கோப்பு வகையின் கட்டமைப்பிலேயே உருவானவை. சென்சார் தரவோடு சிறிய முன்னோட்டப் படம் ஒன்றும் உள்ளே இருக்கும். தவறான பிளக்-இன் கோப்பைச் சாதாரண டிஃப் என்று நினைத்து, அந்த முன்னோட்டத்தை மட்டும் எடுத்துக் காட்டிவிடுகிறது.

ஆகவே, எதையும் அழிப்பதற்கு முன், மென்பொருளை மறுபடி நிறுவுவதற்கும் முன், கோப்பைத் திறப்பது எந்த பிளக்-இன் என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: 'ஓப்பன் ஆஸ்' வழியாகத் திறந்து பாருங்கள்

விண்டோஸில் ஃபைல் மெனுவுக்குப் போய் 'ஓப்பன் ஆஸ்' என்பதை எடுங்கள். ரா கோப்பைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள வகைப் பட்டியலில் 'கேமரா ரா' என்று கொடுங்கள். இங்கே கொஞ்சம் கவனம் தேவை. அதே பட்டியலில் 'ஃபோட்டோஷாப் ரா' என்றும் ஒன்று இருக்கும். அது முற்றிலும் வேறு. அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, எத்தனை சேனல் என்று கேட்டால், தவறானதைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று பொருள். கேன்சல் செய்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

இப்படித் திறக்கும்போது படம் முழு அளவில் ஒழுங்காக வந்தால், கேமரா ரா நன்றாக இருக்கிறது, வேறொரு பிளக்-இன் குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம். படி 2-க்குப் போங்கள். இந்தக் கோப்பைத் திறக்க முடியாது என்று செய்தி வந்தால், அது பெரும்பாலும் மோதல் இல்லை. உங்கள் கேமரா புதியது, கேமரா ரா பழையது. அப்போது கேமரா ராவைப் புதுப்பித்தாலே போதும். பழைய ஃபோட்டோஷாப் என்பதால் புதுப்பிக்க வழியில்லை என்றால், அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டரில் படங்களை 'டிஎன்ஜி' என்ற பொதுவான ரா வகைக்கு மாற்றித் திறக்கலாம்.

படி 2: அமைப்பில் ஒரு டிக்

எடிட் → பிரிஃபரன்சஸ் → ஃபைல் ஹேண்ட்லிங். அதில், ரா கோப்புகளுக்கு அடோபி கேமரா ராவுக்கே முன்னுரிமை கொடு என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். டிக் செய்யுங்கள், ஃபோட்டோஷாப்பை மூடித் திறங்கள். சிலருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

படி 3: பிளக்-இன்கள் இல்லாமல் தொடங்கிப் பாருங்கள்

தீரவில்லையா? ஃபோட்டோஷாப்பை மூடுங்கள். ஐகானை இருமுறை கிளிக் செய்த கையோடு ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். கூடுதல் பிளக்-இன்களையும் மற்றவர்களின் பிளக்-இன்களையும் ஏற்றாமல் விடவா என்று ஒரு பெட்டி கேட்கும். 'யெஸ்' கொடுங்கள். கேமரா ரா இதனால் போய்விடாது, வெளியிலிருந்து வந்தவைதான் நிற்கும். இப்போது ரா படம் சரியாகத் திறந்தால், குற்றவாளி வெளியிலிருந்து வந்த பிளக்-இன்தான். இனிச் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து ஃபோட்டோஷாப்பை மூடி, ஷிஃப்ட் இல்லாமல் சாதாரணமாகத் திறங்கள். ஹெல்ப் → சிஸ்டம் இன்ஃபோ. நீளமான அறிக்கை வரும், பயப்பட வேண்டாம். கீழ்ப்பகுதிக்கு இறங்கினால் ஏற்றப்பட்ட பிளக்-இன்களின் பெயர்களும், ஏற்ற முடியாமல் போனவையும் தனித்தனியாக இருக்கும். உங்கள் கேமரா நிறுவனத்தின் பெயரோ ரா வகையின் பெயரோ அதில் தென்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒதுக்கி வையுங்கள், அழிக்காதீர்கள்

ஃபோட்டோஷாப்பை முழுவதுமாக மூடுங்கள். திறந்திருக்கும்போது கோப்பை நகர்த்த விண்டோஸ் விடாது. பிறகு 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் அடோபி, அதற்குள் ஃபோட்டோஷாப், அதற்குள் 'பிளக்-இன்ஸ்' என்று போங்கள். கோப்புப் பெயரின் பின்னொட்டு தெரியாவிட்டால், எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் அதைக் காட்டச் சொல்லுங்கள். '.8பிஎஃப்' (.8bf) என்று முடிபவை ஃபில்டர்கள். ரா கோப்பைத் திறப்பதில் அவை தலையிடுவதில்லை. '.8பிஐ' (.8bi) என்று முடிபவற்றில்தான் கோப்பைத் திறக்கும் பிளக்-இன்கள் இருக்கும். முதலில் அவற்றைப் பாருங்கள்.

சந்தேகமான கோப்பை டெஸ்க்டாப்பில் ஒரு புது ஃபோல்டருக்கு மாற்றுங்கள். நிர்வாகி அனுமதி கேட்டால் கொடுங்கள். நகர்த்த மனமில்லை என்றால் பெயருக்கு முன்னால் ~ குறியைச் சேர்த்தாலும் போதும். அந்தக் குறி இருக்கும் பிளக்-இன்னை ஃபோட்டோஷாப் ஏற்றாது. அழிப்பதை மட்டும் எந்த நேரத்திலும் செய்யாதீர்கள். தவறான கோப்பை எடுத்துவிட்டால் திரும்ப வைக்க வழி வேண்டும்.

இங்கேயே இன்னொன்றையும் பாருங்கள். பழைய ஃபோட்டோஷாப்பிலிருந்து யாராவது 'கேமரா ரா.8பிஐ' கோப்பை இந்த ஃபோல்டரில் நகலெடுத்து வைத்திருக்கலாம். உண்மையான கேமரா ரா இருக்கும் இடம் வேறு: ப்ரோகிராம் ஃபைல்ஸ் → காமன் ஃபைல்ஸ் → அடோபி → பிளக்-இன்ஸ் → சிசி → ஃபைல் ஃபார்மட்ஸ். அதைத் தொடாதீர்கள். அங்கே ஒன்று இருக்க, இங்கேயும் ஒன்று இருந்தால், இங்கே உள்ளதை ஒதுக்குங்கள். நீங்கள் புதுப்பித்த பிறகும் ஃபோட்டோஷாப் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்க இது ஒரு காரணம்.

எது என்றே தெரியவில்லை, பிளக்-இன்களும் நிறைய இருக்கின்றன என்றால், ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பாதியை ஒதுக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். சரியானால், குற்றவாளி ஒதுக்கிய பாதியில் இருக்கிறது. ஆகவில்லை என்றால் மீதிப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 16 பிளக்-இன்கள் இருந்தாலும் நான்கே முறையில் பிடித்துவிடலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான வழி இல்லை.

கிம்ப் பயன்படுத்துகிறவர்களுக்கு

இலவசப் பட எடிட்டரான கிம்ப்பும் ரா கோப்பைத் தானாகப் படிக்காது. 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து டார்க்டேபிள் அல்லது ராதெரபி என்ற தனி ரா மென்பொருள் மூலம் திறக்கிறது. கணினியில் இரண்டுமே இருந்தால், நீங்கள் எதிர்பாராதது திறந்து குழப்பும். எடிட் → பிரிஃபரன்சஸ் → இமேஜ் இம்போர்ட் & எக்ஸ்போர்ட் பக்கத்தில் 'ரா இமேஜ் இம்போர்ட்டர்' என்ற பட்டியல் இருக்கிறது. வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, கிம்ப்பை மூடித் திறங்கள். ரா கோப்புகளைத் திறக்கும் பழைய யூஎஃப்ரா பிளக்-இன் இன்னும் கிடந்தால் எடுத்துவிடுங்கள். அதன் கடைசி வெளியீடு 2015-இல் வந்தது. இன்றைய கேமராக்களை அது அறியாது.

எடுத்த பிறகும் பழைய நடத்தை தொடர்ந்தால், உங்கள் கிம்ப் அமைப்பு ஃபோல்டரில் 'பிளக்இன்ஆர்சி' (pluginrc) என்ற கோப்பு இருக்கும். பிளக்-இன்களைப் பற்றி கிம்ப் எழுதி வைத்துக்கொள்ளும் பட்டியல் அது. அதன் பெயரை மாற்றிவிட்டுத் திறந்தால், எல்லாவற்றையும் தேடிப் புதிதாக எழுதிக்கொள்ளும். 2025-இல் வெளியான 3.0-க்கு மாறியவர்கள் 2.10-இன் பிளக்-இன்களை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். அவை அதில் இயங்காது.

எல்லாம் சரியான பிறகு, ஒதுக்கிய பிளக்-இன்னின் பெயரையும் அது இருந்த ஃபோல்டரையும் எங்காவது எழுதி வையுங்கள். கேமரா மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அதே கோப்பு அதே இடத்தில் மறுபடி வந்து உட்காரலாம். அப்போது நேராகப் படி 4-க்கே போய்விடலாம்.